ஆச்சி பாட்டுக்கு ட்ரம்பெட் ஆகாதா?

சில ஆண்டுகளுக்கு முன், பாலக்காட்டுப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாக் குழுவில் நானும் ஓர் உறுப்பினனாக இருந்தேன். கலை நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுக்க வந்தவர்களில் கல்லூரியில் படிக்கும் ஒரு பையனும் இருந்தான். மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக வேலை செய்துவரும் குடும்பம். கோயில் திருவிழாக்களுக்கு வாசிக்கும் பேண்டுக்காரர் ஒருவரிடம் ட்ரம்பெட் கற்றவன்.

"ஐயா, எங்க ஆச்சி கொழுந்தெடுக்கும்போது பாடுற பாட்டு நாலஞ்சு இருக்கு. கூட ரெண்டு வரி நானும் எழுதிச் சேர்த்திருக்கேன். ட்ரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் வச்சு பழைய ஜாஸ் மாதிரி பண்ணியிருக்கோம். இருபது நிமிஷம் குடுத்தாப் போதும்" என்றான்.

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். "நாட்டுப்பாட்டுன்னா பறையும் உறுமியும் இருக்கணும் தம்பி. ட்ரம்பெட்டெல்லாம் கல்யாண ஊர்வலத்துக்கு" என்றார். இன்னொருவர், "வெளி மாநிலத்தில் இருக்கிற நாமே நம் பண்பாட்டைக் கலப்படம் செய்தால் அப்புறம் யார் காப்பாற்றுவது?" என்று கேட்டார். வாக்கெடுப்பு மாதிரி ஒன்று நடந்தது. வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் அடியேனும் ஒருவன். பையன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

விழா நடந்தது. அன்று மாலை பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். கரோக்கியில் பழைய பாட்டுகள் பாடினார்கள். பாட்டுக்குப் பாட்டு ட்ரம்பெட் முழங்கியது, சாக்ஸபோன் குழைந்தது. ஒருவரும் பண்பாடு கெட்டது என்று எழுந்து போகவில்லை. நானும் தாளம் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இடையில் அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ட்ரம்பெட்டை ஏற்றுக்கொண்ட நாம், நம் பிள்ளை கையில் பிடித்து ஊதும் ட்ரம்பெட்டை ஏன் வேண்டாம் என்றோம்? இந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. பதிலைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஜாஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். அது கோட்டு சூட்டுப் போட்ட பணக்காரர்களின் ஓட்டல் சங்கீதம் என்றே நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிறந்த கதை வேறு. அமெரிக்காவின் தென்பகுதியில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் கறுப்பின மக்களிடையே உருவான இசை அது. அதன் வேர்களில் ஒன்று, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பருத்திக் காடுகளில் வேலை செய்துகொண்டே பாடிய பாட்டு. ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். அலுப்புத் தெரியாமலிருக்கவும், மனதிலுள்ள பாரத்தை இறக்கி வைக்கவும் பாடிய பாட்டு.

1930-களில் இது பெரிய குழுக்களின் இசையாக வளர்ந்தது. இதைத்தான் பிக் பேண்ட் என்கிறார்கள். சுமார் பதினைந்து பேர் இருப்பார்கள். சாக்ஸபோன்காரர்கள் ஒரு வரிசை, ட்ரம்பெட்காரர்கள் ஒரு வரிசை, ட்ராம்போன்காரர்கள் ஒரு வரிசை. இவர்களைத் தாங்கிப் பிடிக்க பியானோ, பெரிய பேஸ், கிட்டார், டிரம்ஸ். ஒரு வரிசை கேள்வி கேட்கும், மறு வரிசை பதில் சொல்லும். நடுவில் ஒருவர் எழுந்து நின்று தன் மனம் போனபடி வாசிப்பார். நம் ஊர்த் தனி ஆவர்த்தனம் போல. ட்யூக் எலிங்டன், கவுண்ட் பேஸி, பென்னி குட்மன் முதலியோர் இதில் பெரும் புகழ் பெற்றவர்கள். தொடக்கத்தில் இந்த இசையைக் கீழானது என்று முகம் சுளித்த பெரிய மனிதர்கள் அங்கும் இருந்தார்கள். 1938 ஜனவரி 16 அன்று பென்னி குட்மனின் குழு நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் வாசித்தது. கறுப்பினக் கலைஞர்களும் வெள்ளையர்களும் அன்று ஒரே மேடையில் இருந்தார்கள்.

நிற்க. இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். சித்தூர், கொல்லங்கோடு பக்கத்து வயல்களில் நாற்று நடும்போது ஓர் அம்மாள் பாட்டெடுக்க, வரிசையாகக் குனிந்து நிற்கும் மற்ற பெண்கள் பின்பாட்டுப் பாடுவதைக் கேட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். இடுக்கி மலையில் கங்காணிகள் அழைத்து வந்த நம் மக்கள் லயன் வீடுகளில் குடியிருந்து, மழையிலும் பனியிலும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுத்தபோதும் பாட்டு இருந்தது. முன்பாட்டு, பின்பாட்டு என்ற அமைப்பு அப்படியே இருந்தது. அடிமைச் சந்தையில் விற்கப்பட்டவர்களின் துயரத்தையும் நம்மவர்களின் துயரத்தையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க நான் முற்படவில்லை. அது தவறு. ஆனால் அந்நிய மண்ணில், பிறர் தோட்டத்தில், முதுகு வளைந்து வேலை செய்தவர்களின் பாட்டு என்ற வகையில் இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு. ஆச்சியின் பாட்டும் ஜாஸும் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம். இதை ஓர் இருபது வயதுப் பையன் காதால் கண்டுபிடித்திருந்தான். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு அது புரியவில்லை.

இத்தனைக்கும் இந்த இசை எனக்கு முற்றிலும் புதிதல்ல. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்த புதிதில், ஓய்வு பெறும் தறுவாயிலிருந்த ஓர் ஆங்கிலோ-இந்திய டிரைவரோடு எனக்குப் பழக்கம். போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ரயில்வே இன்ஸ்டிடியூட் மர மேடையில் நடந்த நடனங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். ஃபிட்டர் ட்ரம்பெட் ஊதுவாராம், கார்டு சாக்ஸபோன் வாசிப்பாராம். பகலெல்லாம் கரியிலும் எண்ணெயிலும் உழன்ற கைகள் இரவில் அந்தப் பித்தளைக் கருவிகளைப் பிடித்திருக்கின்றன. ஆக, நம் ஊரிலும் இது உழைப்பாளிகளின் இசையாக இருந்திருக்கிறது.

தமிழ்ப் பாட்டில் இந்த இசையைக் கலந்து பெருமை சேர்த்தவர் வேறு யாருமல்ல, நம் பாலக்காட்டு மண்ணின் மைந்தர். மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் 1928-ல் பிறந்தது பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில். 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தின் பாடல்களைக் கேளுங்கள். விஸ்வநாதன்-ராமமூர்த்தி இரட்டையர் மேற்கத்திய நடன இசையை எவ்வளவு சுலபமாகத் தமிழோடு உறவாட விட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். அதே ஆண்டில் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஒரு பாடல் பதிவையே காட்சியாக எடுத்திருப்பார்கள். டி.எம். சௌந்தரராஜன் பாட, எம்.எஸ்.வி. தம் பெரிய வாத்தியக் குழுவை நடத்துவார். அந்தப் பாட்டில் தமிழ் எங்காவது குறைந்து போயிற்றா? இல்லை. இன்றைக்கும் நம் வீட்டு விசேஷங்களில் அவர் பாட்டுதான் ஒலிக்கிறது.

இன்னொருவர் இடுக்கி மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்த இளையராஜா. அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன், தாமே பாட்டெழுதி, மெட்டமைத்து, மேடையில் பாடியவர். கம்யூனிஸ்டுக் கட்சிக் கூட்டங்களுக்கு ஜனங்களைத் திரட்டியது அவருடைய பாட்டு. 1958-ல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் போட்டியிட்டபோது, தோட்டத் தொழிலாளர்களிடையே தமிழில் பாடிப் பிரசாரம் செய்தவர் அவர். அண்ணனோடு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதைகளில் அலைந்த தம்பிதான், பின்னாளில் சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. வரதராஜன் அதைப் பார்க்க இல்லை. அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆனால் அவர் பாடிய தெம்மாங்கின் மண்வாசனை அந்தப் படத்தின் மூலம் தமிழ்நாடு முழுவதும் பரவியது. 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' என்ற ஆல்பத்தில் அதே இளையராஜா நம் ராகங்களையும் பாக் என்ற ஜெர்மானிய மேதையின் இசை முறையையும் ஒன்றாக உட்கார வைத்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. இவரைப் பார்த்து நாட்டுப்பாட்டைக் கெடுத்தவர் என்று யாராவது சொல்ல முடியுமா?

எல்லையின் ஒரு கோடியில் எலப்புள்ளி, மறு கோடியில் தேவிகுளம் ஏறிவந்த பண்ணைப்புரம். இரண்டுக்கும் நடுவில் வாழ்கின்ற நாம், ட்ரம்பெட் ஆகாது என்று கை தூக்கினோம்!

கலப்படம் என்ற சொல்லையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கர்நாடக சங்கீத மேடையில் இன்று வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம். அது ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி. நாடக மேடையிலும் பஜனையிலும் ஒலித்த ஆர்மோனியமும் கடல் கடந்து வந்ததே. சாக்ஸபோன், அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் கண்டுபிடித்து 1846-ல் காப்புரிமை பெற்றது. அதைக் கத்ரி கோபால்நாத் கீர்த்தனை வாசிக்கும் கருவியாக்கிக் காட்டினார். 1994-ல் 'டூயட்' படத்தில் அவர் வாசித்ததைக் கேட்டு உருகாதவர் யார்?

மேல்நாட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. பாப் டிலன் என்ற அமெரிக்க நாட்டுப்பாடகர், தாமே எழுதித் தாமே பாடுபவர். 1965-ல் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் அவர் மின்சாரக் கிட்டாரோடு மேடையேறியபோது கூட்டத்தில் பலர் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர் அசையவில்லை. 2016-ல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமயத்தில், எழுபதைத் தாண்டிய வயதில், அவர் செய்தது இன்னும் வேடிக்கை. 2015, 2016, 2017 என்று வரிசையாக மூன்று ஆல்பங்களில், ஃபிராங்க் சினாட்ரா காலத்துப் பழைய பாட்டுகளை எடுத்துப் பாடினார். சிலவற்றில் ட்ரம்பெட், ட்ராம்போன் ஒலியும் உண்டு. நாட்டுப்பாட்டுக்காரனுக்கு அந்தப் பழைய நடன இசை அந்நியமல்ல, அதுவும் தன் வீட்டுச் சொத்துதான் என்று சொல்லாமல் சொன்னார். 2006-ல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற பாடகர் பழைய அமெரிக்க நாட்டுப்பாடல்களை, தொழிலாளர் பாட்டுகள் உட்பட, பித்தளை ஊதுகருவிகளோடு ஆரவாரமாகப் பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டார்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2018 ஜனவரியில் சென்னையில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு அரங்கேறியது. கானா பாடும் இளைஞர்கள் கோட்டு சூட்டு அணிந்து, பறையோடு கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்துப் பாடினார்கள். அந்தக் குழுவில் பாடிய அறிவு என்ற இளைஞர் 2021-ல் 'என்ஜாயி எஞ்சாமி' பாட்டின் மூலம் உலகெங்கும் அறியப்பட்டார். அவருடைய பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர். அந்தப் பாட்டியின் வாழ்க்கையே அந்தப் பாட்டுக்கு ஊற்று. நம் மூணாறுப் பையன் செய்ய நினைத்ததும் இதுதானே?

இவ்வளவு சொன்னாலும், அன்று எதிர்த்தவர்கள் பேச்சில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இன்றைய மேடைகளில் நாட்டுப்பாட்டு என்ற பெயரில் நடக்கும் பலவற்றில் டிரம்ஸ் இடி இடிக்கிறது, சொல் ஒன்றும் காதில் விழுவதில்லை. பாடியது இன்ன ஊர் அம்மாள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், யாரோ எழுதிய மாதிரி பேர் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. 'என்ஜாயி எஞ்சாமி' விஷயத்திலேயே அந்தப் பாட்டின் பெருமை யாருக்கு எவ்வளவு என்று 2022-ல் பெரிய விவாதம் எழுந்ததை நாமறிவோம். ஆகவே எதையும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்லவில்லை. சொல் காதில் விழவேண்டும். யாரிடமிருந்து வந்த பாட்டு என்று மேடையில் சொல்லவேண்டும். அந்த அம்மாள் உயிரோடு இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். இந்த மூன்றும் இருந்தால், கூட ஒலிப்பது உறுமியா ட்ரம்பெட்டா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். பாலக்காடு-பொள்ளாச்சி வழி மீட்டர் கேஜாக இருந்தது. பிராட் கேஜாக மாற்றி 2015-ல் திறந்தார்கள். தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டராக இருந்த அகலம் 1676 மில்லிமீட்டராயிற்று. தண்டவாளம் மாறியது, ஸ்லீப்பர் மாறியது, பெட்டி மாறியது. ஆனால் பொள்ளாச்சி பொள்ளாச்சியாகவும் பாலக்காடு பாலக்காடாகவும்தான் இருந்தன. இடையிலிருந்த ஊர்களும் இடம் பெயரவில்லை. மாற்றுகின்றவனுக்குப் பழைய பாதையின் ஒவ்வொரு வளைவும் மேடும் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அது தெரியாமல் கை வைத்தால் வண்டி தடம் புரளும். பாட்டும் அப்படியே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மூணாறில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக, 1908 முதல் ஒரு சிறிய ரயில் ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப்பாதை வழியாகத் தேயிலை கீழே கொட்டகுடிக்கு இறங்கும். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்துபோயிற்று. ஆனாலும் அதன் புகைப்படங்கள் இருக்கின்றன. எந்த ஆண்டு தொடங்கியது, எங்கே நின்றது என்ற விவரமெல்லாம் இருக்கிறது. அந்த ரயிலில் தேயிலை ஏற்றிய நம் மக்கள் என்ன பாடினார்கள்? நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. இரும்பைப் பற்றிய குறிப்பு தங்கியது, மனிதர்களின் பாட்டு தங்கவில்லை.

போன வருஷம் பாலக்காடு ஜங்ஷனில் அந்தப் பையனைத் தற்செயலாகச் சந்தித்தேன். இப்போது கோயம்புத்தூரில் வேலை. அவன்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஐயா, நல்லாருக்கீங்களா?" என்று வந்தான். பழைய கோபம் ஒன்றும் இல்லை. நான்தான் குற்ற உணர்ச்சியோடு, "ஆச்சி எப்படி இருக்காங்க? அந்தப் பாட்டெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஆச்சி தவறிட்டாங்க ஐயா. ரெண்டு பாட்டு போன்ல இருக்கு. மத்தது எனக்கு அரைகுறையாத்தான் ஞாபகம். அன்னிக்கு மேடை கிடைச்சிருந்தா அவங்ககிட்ட உக்காந்து முழுசாக் கேட்டு எழுதியிருப்பேன். அப்புறம் விட்டுட்டேன்" என்றான்.

வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டான்.

பண்பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி நாங்கள் காப்பாற்றியது எதை? அந்த அம்மாளின் பாட்டு ட்ரம்பெட்டால் கெட்டுப்போயிருக்காது. ட்ரம்பெட் வேண்டாம் என்றதால்தான் பாதி போயிற்று. நாட்டுப்பாட்டின் எதிரி சாக்ஸபோன் அல்ல என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. கேட்க ஆள் இல்லாமல் போவதே அதன் எதிரி. ஒரு பேரன் தன் ஆச்சியிடம், "அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடுங்க" என்று கேட்பதற்கு ஒரு காரணம் வேண்டும். ஜாஸ்தான் அந்தக் காரணம் என்றால் ஜாஸ் வாழ்க!

ஆகவே நம் போன்ற சங்கங்களுக்கு எனது பணிவான யோசனை இது. ஆண்டு விழாவில் இருபது நிமிடத்தை இளைஞர்களின் நாட்டுப்பாட்டுக்கு ஒதுக்குங்கள். எந்தக் கருவியோடும் பாடட்டும். ஒரே ஒரு நிபந்தனை. தம் வீட்டிலோ, லயத்திலோ, ஊரிலோ உள்ள ஒரு பெரியவரிடமிருந்து நேரில் கேட்டு எழுதிய பாட்டாக இருக்கவேண்டும். அந்தப் பெரியவரை முன்வரிசையில் உட்கார வைத்து, பேர் சொல்லி, ஒரு பொன்னாடை போர்த்துங்கள். பாட்டின் முழு வரிகளையும் அவர் சம்மதத்தோடு சங்க மலரில் அச்சிடுங்கள். இதற்கு ஆகும் செலவு மேடை அலங்காரச் செலவில் கால் பங்குகூட இராது. இன்று ஒலிப்பதிவுக்கு ஸ்டுடியோவும் தேவையில்லை. எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் இருக்கிறது.

சங்கம் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போய், வேலை செய்யும்போது என்ன பாடுவீர்கள் என்று கேளுங்கள். முதலில், "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்பார்கள். விடாதீர்கள். இரண்டாவது முறை கேட்டால் பாடுவார்கள்.

அந்தப் பையனின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். வரும் பொங்கலுக்கு அவனும் அவன் நண்பர்களும் மேடை ஏறவேண்டும், அந்த இரண்டு பாட்டையாவது ட்ரம்பெட்டோடு பாடவேண்டும் என்று கேட்கப் போகிறேன். விழாக் குழுவில் எனக்கு இன்னும் ஓர் இடம் இருக்கிறது. இந்தத் தடவை என் கை வேறு பக்கம் உயரும்.